உட்காரும் இடமே முதல் இடம்: கர்ப்பிணித் தோழியோடு சென்னையைச் சுற்றிப் பார்க்க

நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து இரண்டு மூன்று நாள் சென்னைக்கு வருவதென்றால் முதலில் தயாராவது ஒரு பட்டியல்தான். மெரினா, எழும்பூர் அருங்காட்சியகம், கபாலீசுவரர் கோயில், சாந்தோம், தி. நகரில் துணி எடுப்பது, நேரமிருந்தால் மாமல்லபுரம். கூட்டத்தில் ஒருத்தி ஐந்தாறு மாதக் கர்ப்பிணி என்றால் அந்தப் பட்டியலில் இரண்டைக் கத்தரித்துவிட்டு, மிச்சத்துக்கு அவளையும் அழைத்துக்கொண்டு கிளம்புவார்கள். இல்லையென்றால் "நீ ரூமில் படுத்து ரெஸ்ட் எடு, நாங்கள் போய்விட்டு வந்துவிடுகிறோம்" என்பார்கள். முதல் வழியில் மதியத்துக்குள் அவள் களைத்துவிடுவாள். இரண்டாவது வழியில் அவள் வந்ததற்கே பொருளில்லை. இந்த அத்தியாயம் சொல்ல வருவது மூன்றாவது வழி: பார்க்கும் இடங்களுக்கு முன்னால் உட்காரும் இடங்களின் பட்டியலைப் போடுங்கள். எங்கே நிழலில் உட்காரலாம், எங்கே பயன்படுத்தத் தகுந்த கழிப்பறை இருக்கிறது, அங்கிருந்து அறைக்குத் திரும்ப எவ்வளவு நேரமாகும் என்று மூன்றையும் முடிவு செய்துவிட்டால், எதைப் பார்ப்பது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

போகலாமா?

இந்த யோசனையை ஏற்குமுன் வீட்டுப் பெரியவர்களின் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஊர் சுற்றலாமா? மருத்துவர்கள் பொதுவாகப் பயணத்துக்கு ஏற்றதாகச் சொல்வது 14-ஆவது வாரத்திலிருந்து 28-ஆவது வாரம் வரையிலான காலம். அதற்கு முன் மசக்கையும் அசதியும் பாடாய்ப்படுத்தும். அதற்குப் பின் வயிற்றின் பாரமும் மூச்சுவாங்கலும் கூடும். நம் வழக்கத்தில் ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகிற நாளுக்கு முந்தைய இடைவெளியும் ஏறக்குறைய இதுதான். ஆனால் இந்த அனுமதி எல்லாருக்கும் பொதுவானதல்ல. நச்சுக்கொடி கீழே இறங்கியிருப்பவர்கள், ரத்தக்கசிவு இருந்தவர்கள், கருப்பை வாயில் தையல் போட்டிருப்பவர்கள், ரத்த அழுத்தம் ஏறியிருப்பவர்கள், முன்பு குறைப்பிரசவம் ஆனவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள் ஆகியோர் தங்கள் மருத்துவரிடம் கேட்காமல் டிக்கெட் எடுக்கக் கூடாது. மற்றவர்களும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. அலைச்சலால் கரு கலைந்துவிடும் என்பதே பெரியவர்களின் முக்கியமான பயம். தொடக்க மாதக் கருச்சிதைவுகளில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறு. நடந்ததோ பயணம் செய்ததோ அல்ல. சிக்கல் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை.

இன்னொன்றையும் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லலாம். ஓய்வுக்கு என்று மலைவாசஸ்தலத்தையோ ஒதுக்குப்புறமான ரிசார்ட்டையோ தேர்ந்தெடுப்பதைவிட, கர்ப்பிணிக்குப் பெருநகரமே பாதுகாப்பானது. கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி ஒரு மணி நேரம் கழித்து மருத்துவமனையைச் சேர்வதும், பத்து நிமிடத்தில் சேர்வதும் ஒன்றல்ல. சென்னையில் பார்க்கத் தகுந்த இடங்களும் பிரசவ மருத்துவமனைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அருங்காட்சியகம் இருக்கும் எழும்பூரில்தான் 1844-இல் தொடங்கிய அரசு தாய் சேய் நல மருத்துவமனை இருக்கிறது. மெரினாவை ஒட்டிய திருவல்லிக்கேணியில், இன்றும் பலர் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்லும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை இருக்கிறது. அதன் வரலாறு 1885-இல் மேரி ஷார்லீப் என்ற மருத்துவரிடமிருந்து தொடங்குகிறது. 108-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் இலவசமாக வரும். மருத்துவப் பதிவு அட்டை, கடைசி ஸ்கேன் அறிக்கை, ரத்தப் பிரிவு, கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண், சாப்பிடும் மாத்திரைகளின் பெயர் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். அவற்றின் புகைப்படம் உடன் வரும் ஒருவரின் போனிலும் இருக்கட்டும்.

நடப்பதைவிட நிற்பது கடினம்

உட்காரும் இடத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? கர்ப்ப காலத்தில் உடலில் ஓடும் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது. இதயம் வழக்கத்தைவிட வேகமாகத் துடிக்கிறது. ரத்தக் குழாய்கள் தளர்வதால் நடு மாதங்களில் ரத்த அழுத்தம் சற்று இறங்கியே இருக்கும். நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து, காலில் தேங்கும் ரத்தத்தை மேலே தள்ளிவிடுகின்றன. அசையாமல் நிற்கும்போது அந்த உதவி இல்லை. ரத்தம் காலில் தங்கி, தலை கிறுகிறுத்து, சில சமயம் மயக்கமே வந்துவிடும். சுற்றிப் பார்க்கும் ஒரு நாளைக் கணக்குப் போட்டால் அதில் நடை குறைவு, நிற்பதே அதிகம் என்பது தெரியும். டிக்கெட் வரிசை, தரிசன வரிசை, கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று படிப்பது, புகைப்படம் எடுப்பவர் சொல்லும் வரை நிற்பது, கடைக்குள் போன தோழி வெளியே வரும் வரை நிற்பது. "இன்னும் கொஞ்சம்தான் நடக்கணும்" என்று தேற்றுகிறவர்கள் இந்த நிற்கும் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்காக நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தாலும் சரிவராது. கர்ப்ப காலத்தில் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைவதற்கான வாய்ப்பு மற்ற காலத்தைவிட நான்கைந்து மடங்கு அதிகம். ஆகவே கொஞ்சம் நடை, பிறகு உட்காருதல், மறுபடி நடை என்பதே உடல் கேட்கும் தாளம். இந்தத் தாளத்துக்கு இடம் கொடுக்கிறதா என்பதை வைத்தே ஒவ்வோர் இடத்தையும் எடைபோட வேண்டும்.

இப்படிப் பார்த்தால் பட்டியலின் வரிசை மாறிவிடும். 1851-இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகம் பல கட்டடங்களாகப் பிரிந்திருப்பது பொதுவாகக் குறையாகத் தோன்றும். கர்ப்பிணிக்கு அதுவே வசதி. ஒரு காலைக்கு ஒரு கட்டடம் என்று வைத்துக்கொள்ளலாம். சோழர் காலச் செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடம் ஒன்றைப் பார்த்தாலே வந்த பயன் கிடைத்துவிடும். அமராவதிச் சிற்பங்களை மரநிழலில் உட்கார்ந்து எழுந்த பிறகு பார்க்கலாம். படிகள் உண்டு, கைப்பிடித்து ஏற வேண்டும். வெள்ளிக்கிழமை விடுமுறை, புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் அதே நாள்தான். வெள்ளியன்று சென்னை வந்து சேர்கிறவர்கள் இந்த இரண்டையும் சனி, ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மெரினா இதற்கு நேர்மாறு. காமராஜர் சாலையிலிருந்து அலைவரை பல இடங்களில் 300 மீட்டருக்கும் மேல் மணல். கால் புதையும் மணலில், உடலின் சமநிலை முன்பக்கம் சாய்ந்திருக்கும் காலத்தில், போவதைவிடத் திரும்பி வருவதே சிரமம். நடுவில் சாய்ந்து உட்கார இடமும் இல்லை. சாலையோர நடைபாதையில் உள்ள கல் இருக்கைகளில் உட்கார்ந்து கடற்காற்றை வாங்குவதே முழுமையான மெரினா அனுபவம் என்று வைத்துக்கொள்ளலாம். அலைவரை போயே ஆக வேண்டுமென்றால், மாற்றுத்திறனாளிகளுக்காக 2022-இல் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே அமைத்த மரப்பாதை இருக்கிறது. அது யாருக்காக அமைக்கப்பட்டதோ அவர்களுக்கு முதலில் வழிவிட்டு, அங்குள்ள ஊழியரிடம் கேட்டுப் பயன்படுத்துங்கள். நீரில் கால் நனைப்பது வேண்டாம்; அலை இழுக்கும் மணலில் தடுமாறி விழுவது எளிது.

மயிலாப்பூரில் கோயிலும் குளமும் மாட வீதிகளும் அரை கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. பிராகாரத்திலேயே உட்காரவும் இடம் கிடைக்கும். மதியம் நடை சாத்தியிருக்கும், மாலை நான்கு மணிவாக்கில் திறப்பார்கள். வெயிலில் காய்ந்த கல்தளத்தில் வெறுங்காலோடு நடக்காமலிருக்க, ஐந்து மணிக்கு மேல் போவதே சரி. பங்குனிப் பெருவிழாவின் அறுபத்துமூவர் நாளில் மட்டும் அந்தப் பக்கமே வேண்டாம். அந்தக் கூட்டத்தில் வயிற்றைக் காத்துக்கொள்வது யாராலும் முடியாது. தி. நகரிலும் தெருவுக்குத் தெரு நிலைமை வேறு. ரங்கநாதன் தெருவில் தோளோடு தோள் உரசித்தான் நகர முடியும். பாண்டி பஜாரில் 2019-இல் அகலப்படுத்திய நடைபாதையில் நடக்கலாம், உட்காரலாம். மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி. நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023-இல் திறந்த ஆகாய நடைபாலத்தில் லிஃப்ட் உண்டு. கீழே இருக்கும் நெரிசலைத் தவிர்க்க அது உதவும். மெட்ரோவின் இரண்டாம் கட்ட வேலை நடக்கும் சாலைகளில் நடைபாதை துண்டு துண்டாக இருக்கலாம், முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

நகரத்துக்கு வெளியே ஒரே ஒரு நாள் என்றால், மாமல்லபுரமா தட்சிணசித்ராவா என்ற கேள்வி வரும். மாமல்லபுரத்தின் பெருமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அங்கே நல்ல சிற்பங்கள் திறந்த வெயிலில் இருக்கின்றன. பல தலைமுறைக் கால்கள் பட்டுப் பட்டு வழுவழுப்பான பாறைச் சரிவுகள் வழுக்கும். 1996-இல் திறக்கப்பட்ட முட்டுக்காடு தட்சிணசித்ராவில் தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து எழுப்பியிருக்கிறார்கள். அந்த வீடுகளுக்குத் திண்ணையும் தாழ்வாரமும் உண்டு. உட்காருவதே அங்கே பார்ப்பதன் ஒரு பகுதி. தூரமும் ஏறக்குறைய பாதிதான். செவ்வாய்க்கிழமை விடுமுறை. மாமல்லபுரத்தை விட மனமில்லாதவர்கள் காலை வெயில் ஏறுமுன் கடற்கரைக் கோயிலையும் அர்ச்சுனன் தபசையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். பாறை ஏறுவதைப் பிள்ளை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

வெயில், வண்டி, வயிறு

உட்காரும் இடம் சரியாக இருந்தாலும் நேரம் தவறினால் பயனில்லை. ஏப்ரல், மே மாதங்களை, குறிப்பாகக் கத்திரி வெயில் நாட்களை, இந்தப் பயணத்துக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள்; 2003 மே 31 அன்று இந்த நகரம் 45 டிகிரி செல்சியஸ் வரை கண்டிருக்கிறது. உடல் வெப்பம் 39 டிகிரியைத் தாண்டுவது வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு நல்லதல்ல. அக்டோபர் முதல் டிசம்பர் நடு வரை மழையும் அதன் பின்னே டெங்கு கொசுவும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான் சௌகரியம். அப்போதும் காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் என்று நாளை இரண்டு துண்டாக்கி, நடுவில் பன்னிரண்டு முதல் நான்கு வரை அறைக்குத் திரும்பிப் படுத்து எழுவதை மாற்றக் கூடாத விதியாக்குங்கள். படுக்கும்போது ஒருக்களித்துப் படுப்பது நல்லது. கோயில் நடை சாத்தியிருக்கும் நேரமும் இதுவே என்பதால் மற்றவர்களுக்கும் பெரிய இழப்பில்லை. இதனால்தான் தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வாடகையைவிட இருப்பிடம் முக்கியம்: எழும்பூரிலோ மயிலாப்பூரிலோ தங்கினால் மதியம் திரும்புவது எளிது, ஊருக்கு வெளியே மலிவாக எடுத்த அறைக்கு யாரும் மதியம் திரும்பமாட்டார்கள்.

வண்டிகளில் மெட்ரோவுக்கு முதலிடம். லிஃப்ட், குளிர்சாதனம், பெண்களுக்கென ஒதுக்கிய பகுதி, பெரும்பாலான நிலையங்களில் கழிப்பறை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். நுழைவாயிலில் நாம் கடந்துபோகும் சட்டகத்தைக் கண்டு தயங்க வேண்டாம். அது காந்தப்புலத்தால் உலோகத்தைக் கண்டுபிடிப்பது, எக்ஸ்ரே பைகளுக்கு மட்டுந்தான். ஆட்டோவின் குலுக்கலால் கரு கலையும் என்பதற்கு ஆதாரமில்லை. ஆனால் வேகத்தடையில் தூக்கிப் போடும்போது முதுகு வலிக்கும் என்பது உண்மை. குறுகிய தூரத்துக்கு மட்டும் ஆட்டோ, மெதுவாகப் போகச் சொல்லி. காரில் சீட் பெல்ட் கட்டாயம்: கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில் இடுப்பெலும்பை ஒட்டி, மேல்பட்டை மார்பின் நடுவே. ஊரிலிருந்து ரயிலில் வருகிறவர்களுக்கு ஒன்று: கர்ப்பிணிகளுக்குக் கீழ் படுக்கை ஒதுக்கீடு உண்டு, ஆனால் அது கூட்டமாக எடுக்கும் டிக்கெட்டுக்கு அல்ல. மருத்துவச் சான்றோடு முன்பதிவு மையத்தில் அவளுக்குத் தனி டிக்கெட் கேட்டுப் பாருங்கள்.

கழிப்பறை கிடைக்காது என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பதே நம் பெண்கள் பயணத்தில் செய்யும் மிகப் பெரிய கெடுதல். சிறுநீரை அடக்குவதும் தண்ணீரைக் குறைப்பதும் சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும். அது குறைப்பிரசவ வலியைத் தூண்டக்கூடும். ஆகவே கிளம்பும்போது, சாப்பிடும்போது, மெட்ரோ ஏறுமுன் என்று தேவைப்படாவிட்டாலும் போய்வரும் பழக்கம் வேண்டும். தண்ணீரில் சமரசம் கூடாது. அசுத்தமான நீர் மூலம் பரவும் ஹெபடைடிஸ் இ, கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயின் உயிருக்கே ஆபத்தாகக்கூடிய நோய். ஐஸ் போட்ட ஜூஸ், பானிபூரித் தண்ணீர், வெட்டி வைத்த பழம், எந்தத் தண்ணீரில் கரைத்தது என்று தெரியாத மோர் ஆகியவற்றை விடுங்கள். சூடாக இறங்கும் இட்லி, கண்ணெதிரே சீவும் இளநீர், ஆவி பறக்கும் சுண்டல் எதற்கும் தடையில்லை. ஃபில்டர் காபியும் உண்டு. நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் காஃபீன் என்ற வரம்புக்குள், சிறு டம்ளரில் ஒன்றிரண்டு.

கேட்காமலே கிடைக்கும் ஓய்வு

இவ்வளவையும் தெரிந்துகொண்ட நண்பர்கள்கூட ஓர் இடத்தில் சறுக்குகிறார்கள். "முடியுமா? களைப்பா இருக்கா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். அக்கறையான கேள்விதான், ஆனால் அதற்கு நேர்மையான பதில் வராது. தன்னால் மற்றவர்களின் நாள் கெடக் கூடாது என்று நினைக்கும் பெண் "முடியும், போகலாம்" என்றே சொல்வாள். கேட்டால்தான் ஓய்வு என்று வைத்தால், கேட்பதே அவளுக்குப் பாரமாகிவிடும். ஓய்வை நேரத்தோடும் இடத்தோடும் அட்டவணையிலேயே எழுதிவிட்டால் யாரும் கேட்க வேண்டாம், யாரும் சொல்ல வேண்டாம். அரை மணிக்கு ஒரு முறை கூட்டம் மொத்தமும் உட்காரும். உட்காரும் இடத்தில் பேச்சு நடக்கும், காபி வரும். எண்ணிப் பார்த்தால் நண்பர்கள் சேர்ந்து பயணம் போவதே அதற்காகத்தான்.

அப்படியானால் மற்றவர்கள் குறைவாகத்தானே பார்ப்பார்கள் என்பது நியாயமான ஆட்சேபம். அதற்குத் தீர்வு பிரிந்து சேர்வது. மதிய நேரத்தில் வெயிலைப் பொருட்படுத்தாதவர்கள் கோட்டைக்கோ ரங்கநாதன் தெருவுக்கோ போய்வரட்டும். ஒருவர் மட்டும் முறைவைத்து அறையில் தங்கட்டும். மாலை ஐந்து மணிக்கு இன்ன இடத்தில் எல்லாரும் சேர்கிறோம் என்பது முன்பே முடிவாகியிருந்தால், பிரிந்து போனவர்களுக்குக் குற்றவுணர்வில்லை, தங்கியவளுக்கு ஒதுக்கப்பட்ட உணர்வில்லை. செலவு கூடுமே என்பார்கள். நல்ல இடத்தில் அறையும் சில கார் பயணங்களும் கூடுதல் செலவுதான். நான்கு இடத்துக்குப் பதில் இரண்டு இடம் பார்ப்பதில் அதில் ஒரு பங்கு மிச்சமாகும். மீதியைக் கூட்டம் பகிர்ந்துகொள்வதே முறை. இன்னோர் ஆட்சேபம் கர்ப்பிணியிடமிருந்தே வரும்: "எனக்கென்ன நோயா? நான் நன்றாகத்தான் நடக்கிறேன்." உண்மைதான், நோயல்ல. இந்தத் திட்டமும் நோயாளிக்கானதல்ல. நன்றாக நடக்கிறவள் மூன்றாம் நாளும் நன்றாக நடக்க வேண்டும் என்பதற்கானது. முதல் நாள் உற்சாகத்தில் பத்து மணி நேரம் சுற்றியவள் மறுநாள் காலையில் வீங்கிய பாதத்தைச் செருப்புக்குள் நுழைக்கப் படும் பாட்டைத் தவிர்ப்பதற்கானது.

எந்த அட்டவணைக்கும் மேலான விதி ஒன்று உண்டு. ரத்தக்கசிவு, நீர் கசிதல், விட்டுவிட்டு இழுக்கும் வயிற்றுவலி, தீராத தலைவலி, கண்மங்கல், முகமும் கையும் திடீரென வீங்குதல், ஒரு காலில் மட்டும் வலியோடு வீக்கம், மூச்சுத்திணறல், காய்ச்சல், பிள்ளையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைதல். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அறைக்குப் போய்ப் படுத்துப் பார்க்கலாம் என்று எண்ணாமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் முடிவெடுப்பவர் யார், உடன் போவது யார், வீட்டுக்குச் சொல்வது யார் என்பதைக் கிளம்புவதற்கு முன்பே பேசி வைத்துவிடுங்கள். இதை முன்கூட்டியே பேசிவிட்ட கூட்டத்துக்கு மிச்ச நேரமெல்லாம் பயமில்லாமல் சுற்றிப் பார்க்கவே இருக்கிறது. நாளைக் காலையில் எழும்பூர் என்றால், இன்றிரவு எழுதி வைக்க வேண்டியது மூன்று வரிகள்தான்: எங்கே உட்காருவோம், எப்போது திரும்புவோம், பக்கத்து மருத்துவமனை எது.